கீபோர்டை கம்ப்யூட்டரில் பதிவு செய்தால் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இசைக் கீபோர்டை கம்ப்யூட்டருடன் இணைத்துப் பதிவு செய்கிறீர்கள். போட்டுக் கேட்டால் சத்தம் ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தில் மட்டும் வருகிறது. அந்தச் சிக்கலைப் பற்றியும், அதோடு ஒட்டி வரும் சில சிக்கல்களைப் பற்றியும் இங்கே பார்க்கலாம்.

இடது காதில் மட்டும் கேட்கிறது. கீபோர்டு கெட்டுவிட்டதா, கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இரண்டும் நன்றாகத்தான் இருக்கும். கீபோர்டு இடது, வலது என்று இரண்டு தடங்களில் ஒலியை வெளியே அனுப்புகிறது. அது கம்ப்யூட்டருக்குள் போய்ச் சேரும் வழியில் நான்கு இடங்கள் உண்டு: கீபோர்டின் பின்பக்க சாக்கெட், கேபிள், கம்ப்யூட்டர் அல்லது ஆடியோ இன்டர்ஃபேஸின் (வாத்தியத்தின் ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் சிறு பெட்டி) இன்புட், கடைசியாகப் பதிவு செய்யும் மென்பொருளின் டிராக். இந்த நான்கில் ஏதோ ஒன்று ஒரே தடத்துக்கானதாக, அதாவது மோனோவாக இருந்து, மற்றவை இரண்டு தடங்களுக்கான ஸ்டீரியோவாக இருந்தால் ஒரு பக்கம் காணாமல் போகும். பழுது என்று முடிவு கட்டி எதையும் பிரிக்கும் முன், புதிதாக எதையும் வாங்கும் முன், எந்த இடத்தில் தடம் தொலைகிறது என்று பார்த்துவிடுங்கள்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அதே ஹெட்ஃபோனில், அதே கம்ப்யூட்டரில் வேறு ஏதாவது பாட்டைப் போட்டுக் கேளுங்கள். அதிலும் ஒரு பக்கம்தான் வருகிறதென்றால் கீபோர்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஹெட்ஃபோனோ, கம்ப்யூட்டரின் பேலன்ஸ் அமைப்போதான் காரணம். விண்டோஸிலும் மேக்கிலும் ஒலி அமைப்புகளில் இடது வலது பேலன்ஸ் இருக்கிறது. யாரோ எப்போதோ நகர்த்திவிட்டுப் போயிருப்பார்கள்.

அடுத்து ஹெட்ஃபோனை நேராகக் கீபோர்டில் செருகிக் கேளுங்கள். இரண்டு பக்கமும் வந்தால் கீபோர்டின் உள்ளே குறை இல்லை என்று ஓரளவு நம்பலாம். ஓரளவு என்று சொல்லக் காரணம், ஹெட்ஃபோன் சாக்கெட்டும் பின்பக்க அவுட்புட் சாக்கெட்டுகளும் தனித்தனி. ஒன்று நன்றாக இருந்து மற்றொன்று பழுதாகவும் வாய்ப்பு உண்டு.

இரண்டு கேபிள் போட்டிருப்பவர்களுக்கு இன்னும் தெளிவான சோதனை ஒன்று இருக்கிறது. இன்டர்ஃபேஸ் பக்கம் இருக்கும் இரண்டு முனைகளையும் இடம் மாற்றிச் செருகுங்கள். இதுவரை வலதில் இருந்த மௌனம் இடதுக்குத் தாவிவிட்டால் கோளாறு கேபிளிலோ கீபோர்டிலோ இருக்கிறது. மௌனம் வலதிலேயே உட்கார்ந்திருந்தால் இன்டர்ஃபேஸிலோ மென்பொருளிலோ இருக்கிறது. மௌனம் தாவியது என்றால், இப்போது கீபோர்டு முனைகளை மட்டும் மாற்றிப் பாருங்கள். கேபிளா சாக்கெட்டா என்பதும் தெரிந்துவிடும்: மௌனம் மறுபடி தாவினால் சாக்கெட், தாவாவிட்டால் கேபிள். இரண்டு நிமிட வேலை, காசு செலவும் இல்லை.

இதையெல்லாம் செய்யும்போது காதை மட்டும் நம்பாமல் மென்பொருளின் லெவல் மீட்டரைப் பாருங்கள். மீட்டரில் இரண்டு பட்டைகளும் ஆடுகின்றன, காதில் ஒன்றுதான் கேட்கிறது என்றால் பதிவு சரியாகவே நடக்கிறது, கேட்கும் பக்கம்தான் கோளாறு.

கேபிளைப் பார்த்தே மோனோவா ஸ்டீரியோவா என்று சொல்ல முடியுமா?

முடியும். பின்னின் உலோகப் பகுதியில் இருக்கும் கறுப்பு (சிலவற்றில் வெள்ளை) வளையங்களை எண்ணுங்கள். ஒரு வளையம் என்றால் டிஎஸ், அதாவது மோனோ. இரண்டு வளையம் என்றால் டிஆர்எஸ், ஸ்டீரியோவைத் தாங்கும். மூன்று வளையம் டிஆர்ஆர்எஸ். மைக் சேர்ந்த செல்போன் ஹெட்செட்டில் பார்ப்பது அதுதான். 6.35 மில்லிமீட்டர் பெரிய பின்னுக்கும் 3.5 மில்லிமீட்டர் சின்னப் பின்னுக்கும் இதே கணக்குத்தான்.

கிட்டாருக்கு வாங்கிய கேபிள் கையில் இருக்கிறதே என்று அதைக் கீபோர்டின் ஹெட்ஃபோன் சாக்கெட்டில் செருகுவதுதான் நான் அதிகம் பார்க்கும் காரணம். கிட்டார் கேபிள் மோனோ. அதன் முனை இடது தடத்தைத் தொடும். வலது தடம் வர வேண்டிய இடத்தில் அந்தப் பின்னில் தரைத் (கிரவுண்ட்) தொடர்புதான் இருக்கிறது. ஆகவே வலது ஒலி நேராகத் தரையோடு சேர்ந்துவிடும். பதிவில் இடது மட்டும் வரும். வலது பக்க ஆம்ப்ளிஃபயர் குறுக்கிணைப்பில் (ஷார்ட் சர்க்யூட்) ஓடுவதால் அதை அப்படியே மணிக்கணக்கில் விட்டுவைப்பதும் நல்லதல்ல.

சின்னப் பின்னைப் பெரிய பின்னாக மாற்றும் அடாப்டர்களையும் மறக்காதீர்கள். மோனோ அடாப்டரும் ஸ்டீரியோ அடாப்டரும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கேபிள் ஸ்டீரியோவாக இருந்து நடுவில் அடாப்டர் மோனோவாக இருந்தாலும் ஒரு பக்கம் போய்விடும். அடாப்டரிலும் வளையத்தை எண்ணுங்கள்.

இரண்டு முனையும் ஸ்டீரியோ பின் உள்ள கேபிளால் ஹெட்ஃபோன் சாக்கெட்டிலிருந்து இன்டர்ஃபேஸின் ஓர் இன்புட்டுக்கு இணைத்தேன். சத்தம் வருகிறது, ஆனால் குழாய்க்குள்ளிருந்து வாசிப்பதுபோல இருக்கிறது. ஏன்?

ஒரு பக்கம் மட்டும் கேட்பதைவிட மோசமான சிக்கல் இது. சத்தம் வருகிறதே என்று பலர் கவனிக்காமல் முழுப் பாட்டையும் பதிவு செய்து முடித்துவிடுவார்கள்.

இன்டர்ஃபேஸின் லைன் இன்புட் (கீபோர்டு போன்றவற்றின் ஒலியை வாங்கும் இன்புட்) டிஆர்எஸ் சாக்கெட்டாகத்தான் இருக்கும். ஆனால் அது ஸ்டீரியோ சாக்கெட் அல்ல, பேலன்ஸ்டு மோனோ. அதன் இரண்டு தொடர்புகளிலும் ஒரே ஒலி வரும், இரண்டாவதில் மட்டும் தலைகீழாக வரும் என்று அது எதிர்பார்க்கிறது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறது. வழியில் கேபிள் பிடித்துவந்த இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் கழித்தலில் அழிந்துவிடும், ஒலி மட்டும் மிஞ்சும். நீளமான கேபிள்களுக்கு அருமையான ஏற்பாடு.

அந்த இடத்தில் நீங்கள் ஸ்டீரியோவைக் கொடுத்தால் என்ன ஆகும்? அது இடதிலிருந்து வலதைக் கழிக்கும். இரண்டு பக்கமும் பொதுவாக இருக்கும் ஒலிகள், அதாவது நடுவில் வைக்கப்பட்ட பேஸ், டிரம்ஸின் கிக், மெலடி எல்லாம் மெலிந்துவிடும் அல்லது அடியோடு மறைந்துவிடும். ஓரங்களில் இருப்பவையும் எதிரொலியும் மட்டும் மிஞ்சும். அந்தக் குழாய்ச் சத்தம் அதுதான். கீபோர்டே தாளமும் பின்னணியும் வாசிக்கும் ஸ்டைல் ஆட்டோ அக்கம்பனிமென்ட் ஓடும்போது கிக் காணாமல் போனால் சந்தேகமே வேண்டாம்.

தீர்வு ஒய் கேபிள். ஒரு முனையில் டிஆர்எஸ் பின், மறுமுனையில் இரண்டு டிஎஸ் பின். ஒன்றை இன்புட் 1-லும் மற்றதை இன்புட் 2-லும் செருகுங்கள். மிக்ஸர் பயன்படுத்துபவர்கள் இன்சர்ட் கேபிள் என்று சொல்வதும் இதே இணைப்புத்தான், வீட்டில் கிடந்தால் அதையே பயன்படுத்தலாம்.

கீபோர்டின் பின்னால் எல்/மோனோ என்று எழுதியிருக்கிறதே, அது என்ன?

ஒரே கேபிள் வைத்திருப்பவருக்காகச் செய்த வசதி. அந்த சாக்கெட்டில் மட்டும் கேபிளைச் செருகி, ஆர் சாக்கெட்டைக் காலியாக விட்டால், கீபோர்டே இடதையும் வலதையும் சேர்த்து ஒரே தடமாகத் தரும். எதுவும் தொலையாது.

இதில் ஒரு கண்ணி உண்டு. ஆர் சாக்கெட்டில் ஏதாவது செருகப்பட்டிருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் இந்தச் சேர்க்கை நடக்கிறது. பழைய கேபிள் ஒன்று ஆர் சாக்கெட்டில் செருகியபடி, மறுமுனை மேசைக்குப் பின்னால் சும்மா தொங்கிக்கொண்டிருந்தாலும் கீபோர்டு 'இவர் ஸ்டீரியோ கேட்கிறார்' என்று எடுத்துக்கொள்ளும். எல் சாக்கெட்டில் இடது மட்டும்தான் வரும். பயன்படாத கேபிளை உருவிவிடுங்கள். அதேபோல ஒற்றைக் கேபிளை ஆர் சாக்கெட்டில் போட்டாலும் வலது பாதிதான் கிடைக்கும்.

மடிக்கணினியில் இருக்கும் ஒற்றை ஹெட்ஃபோன் சாக்கெட்டில் நேராகச் செருகலாமா?

செருகிப் பயனில்லை. அந்த ஒற்றை சாக்கெட் இரண்டு தடங்களை வெளியே அனுப்பும். உள்ளே வாங்குவது மைக்குக்கான ஒரே ஒரு தடம். சாதாரண ஸ்டீரியோ கேபிளைச் செருகினால் கம்ப்யூட்டர் அதை ஹெட்ஃபோன் என்றே நினைக்கும், உள்ளே எதுவும் வராது. மைக் தொடர்புக்குத் தனியாகப் பிரிக்கும் அடாப்டர் போட்டாலும் கிடைப்பது மோனோதான். அதுவும் மைக்கின் மெல்லிய ஒலிக்காகச் செய்த இன்புட் என்பதால் கீபோர்டின் லெவல் அதைச் சுலபமாகக் கரகரக்க வைத்துவிடும்.

மேசைக் கணினியில் நிலைமை கொஞ்சம் மேல். பின்னால் நீல நிறச் சாக்கெட் இருந்தால் அது லைன் இன், ஸ்டீரியோவை வாங்கும். இளஞ்சிவப்பு மைக்குக்கானது, பச்சை ஸ்பீக்கருக்கானது. மைக் சாக்கெட்டில் ஸ்டீரியோ பின்னைச் செருகியதால் ஒரு பக்கம் போனவர்கள் நீலத்துக்கு மாறினாலே பாதிக் கதை முடிந்தது. ஆனால் விண்டோஸ் ஒலி அமைப்பில் பதிவுச் சாதனமாக லைன் இன் தேர்வாகியிருக்கிறதா, அதன் வடிவம் 2 சேனல் என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மலிவான யுஎஸ்பி சவுண்டு அடாப்டர்களில் இருக்கும் மைக் சாக்கெட்டும் பெரும்பாலும் மோனோதான். அடிக்கடி பதிவு செய்பவர் என்றால், இரண்டு லைன் இன்புட் உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றை வாங்கிவிடுங்கள். இரண்டு என்பதுதான் முக்கியம். ஒரு மைக், ஒரு லைன் என்று இருக்கும் ஆரம்பநிலை இன்டர்ஃபேஸ்களில் கீபோர்டை ஸ்டீரியோவாகப் பதிவு செய்ய வழி கிடைக்காமல் திண்டாட வேண்டிவரும்.

இன்டர்ஃபேஸ் இருக்கிறது, இன்புட் 1-இல் ஒரே கேபிள் போட்டிருக்கிறேன். பதிவில் இடது மட்டும் வருகிறது.

வயரிங் சரி, மென்பொருளிடம் தவறான கேள்வி கேட்டிருக்கிறீர்கள். டிராக் ஸ்டீரியோவாக இருந்தால் மென்பொருள் இன்புட் 1-ஐ இடதிலும் இன்புட் 2-ஐ வலதிலும் வைக்கும். இன்புட் 2 காலி, ஆகவே வலது காலி. டிராக்கை மோனோவாக்கி இன்புட் 1-ஐக் கொடுங்கள். மோனோ டிராக்கின் பான் குமிழ் (ஒலியை இடது வலதாக நகர்த்துவது) நடுவில் இருக்கும்வரை ஒலி இரண்டு பக்கமும் சமமாகக் கேட்கும்.

ஆடாசிட்டியில் ஆடியோ செட்டப் பொத்தானுக்குள் ரெக்கார்டிங் சேனல்ஸ் இருக்கிறது, அதில் 1 மோனோ என்று வையுங்கள். ரீப்பரில் டிராக்கின் சிவப்புப் பதிவுப் பொத்தானை வலது கிளிக் செய்தால் மோனோ இன்புட், ஸ்டீரியோ இன்புட் என்று இரண்டு பட்டியல் வரும். கராஜ்பேண்டில் டிராக்கின் பதிவு அமைப்புகளில் இன்புட் பட்டியலுக்குப் பக்கத்திலேயே மோனோ ஸ்டீரியோ மாற்றும் பொத்தான் உண்டு. நேரலை செய்பவர்களுக்கு ஓபிஎஸ்ஸில் மேம்பட்ட ஆடியோ பண்புகள் பக்கத்தில் மோனோ என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. வேறு மென்பொருள் என்றால் மெனு மாறும், தேட வேண்டியது இதேதான். சில மென்பொருள்களில் டிராக்கை உருவாக்கும்போதே மோனோவா ஸ்டீரியோவா என்று சொல்லிவிட வேண்டும். பிறகு மாற்றப் போராடுவதைவிடப் புது டிராக் போடுவது மேல்.

வாசிக்கும்போது இடதில் மட்டும் கேட்கிறது, பதிவைப் போட்டால் நடுவில் சரியாகக் கேட்கிறது. இதென்ன வேடிக்கை?

டைரக்ட் மானிட்டர். வாசிக்கும்போது நீங்கள் கேட்பது கம்ப்யூட்டர் வழியாக வருவதல்ல, இன்டர்ஃபேஸிலிருந்து நேராக வருவது. அதை ஸ்டீரியோவில் வைத்தால் இன்புட் 1 இடதிலும் இன்புட் 2 வலதிலும் கேட்கும். பல இன்டர்ஃபேஸ்களில் அதை மோனோவுக்கு மாற்றும் பொத்தான் இருக்கிறது. பதிவுக்கு எந்தக் குறையும் இல்லை.

ஏற்கெனவே ஒரு பக்கமாகப் பதிவாகிவிட்டது. நன்றாக வாசித்திருக்கிறேன், மறுபடி வாசிக்க மனமில்லை. காப்பாற்ற முடியுமா?

முடியும். ஆடாசிட்டியில் டிராக்கின் பெயரைச் சொடுக்கினால் வரும் மெனுவில் ஸ்டீரியோவை மோனோவாகப் பிரிக்கும் வசதி இருக்கிறது. பிரித்ததும் இரண்டு மோனோ டிராக் கிடைக்கும். காலியானதை அழித்துவிடுங்கள். மிச்சமிருப்பது நடுவிலிருந்து கேட்கும். ரீப்பர் போன்றவற்றில் அந்த ஆடியோ துண்டின் பண்புகளில் சேனல் அமைப்பை இடது மட்டும் என்று மாற்றினால் போதும், கோப்பைத் தொடவே வேண்டாம்.

மிக்ஸ் டவுன் டு மோனோ என்ற கட்டளை கண்ணில் படும், அதைத் தவிருங்கள். அது இடதையும் வலதையும் கூட்டிப் பாதியாக்கும். வலது காலி என்பதால் உங்கள் ஒலி 6 டெசிபல் இறங்கிவிடும். காலிப் பக்கத்தின் மெல்லிய இரைச்சலும் கூடவே ஒட்டிக்கொள்ளும்.

இடதை நகலெடுத்து வலதில் ஒட்டினாலும் இரண்டு காதிலும் கேட்கும். ஆனால் அது ஸ்டீரியோ ஆகிவிடாது, இரட்டை மோனோதான். கேபிளில் தொலைந்த வலது தடத்தில் இருந்ததைத் திரும்பக் கொண்டுவர வழி இல்லை. மேலே சொன்ன கழித்தல் சிக்கலில் பதிவானதற்கும் மீட்சி கிடையாது. அதை மறுபடி வாசிக்கத்தான் வேண்டும்.

அப்படியானால் மோனோவில் பதிவு செய்வதா, ஸ்டீரியோவிலா?

கீபோர்டு தனியாக ஒலிக்கும் பதிவு, முக்கியமாகப் பியானோ என்றால் ஸ்டீரியோ. கீபோர்டுகளில் இருக்கும் நல்ல பியானோ ஒலிகள் இரண்டு மைக் வைத்துப் பதிவு செய்தவை. அவற்றை ஒன்றாகச் சேர்த்தால் சில சுரங்கள் தட்டையாகவும் வெறுமையாகவும் கேட்கும். கோரஸ் எஃபெக்ட், சுழலும் ஸ்பீக்கர் போன்ற ஆர்கன் ஒலி ஆகியவற்றுக்கும் உயிர் அந்த இடது வலது அசைவில்தான் இருக்கிறது.

பாடகர், தபேலா, கிட்டார் என்று பலதும் சேரும் பாட்டில் கீபோர்டு ஒரு மூலையில் இருக்கப் போகிறதென்றால் மோனோ தாராளமாகப் போதும். சொல்லப்போனால் கலவை செய்பவருக்கு அதுவே வசதி. ஒற்றைக் கேபிள்தான் இருக்கிறது என்று யாரும் வருந்த வேண்டியதில்லை. எல்/மோனோவில் செருகி, மோனோ டிராக்கில் சுத்தமாகப் பதிவு செய்தது, பாதி தொலைந்த ஸ்டீரியோவைவிட எவ்வளவோ மேல்.

இரண்டு பக்கமும் வருகிறது, ஆனால் வலது மெல்லியதாக இருக்கிறது.

இன்டர்ஃபேஸில் இரண்டு இன்புட்டுக்கும் தனித்தனி கெயின் குமிழ், அதாவது உள்ளே வரும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ். அவை ஒரே நிலையில் இல்லை. அல்லது ஒன்றில் மட்டும் இன்ஸ்ட் பொத்தான் அழுந்தியிருக்கிறது. அது எலக்ட்ரிக் கிட்டாருக்கானது. கீபோர்டுக்கு இரண்டுமே லைன் நிலையில் இருக்கட்டும். எஃபெக்ட் இல்லாத எளிய ஒலி ஒன்றைத் தேர்ந்து, ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு மீட்டரும் சமமாகும்வரை குமிழைத் திருப்புங்கள். பியானோ ஒலியை வைத்து இதைச் செய்யாதீர்கள், அதில் இடதும் வலதும் இயல்பிலேயே வேறு வேறு. உரக்க வாசிக்கும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதுமானது.

கீழ் சுரங்கள் இடதிலும் மேல் சுரங்கள் வலதிலும் கேட்கின்றன. இதுவும் கோளாறா?

இல்லை. பியானோ முன் உட்கார்ந்தவருக்குக் கேட்பதுபோல அப்படி அமைத்திருக்கிறார்கள்.

ஒரு குறிப்பிட்ட வாத்தியம் மட்டும் ஒரு பக்கம் போகிறது, மற்றவை சரி.

கேபிளை விட்டுவிட்டு கீபோர்டுக்குள் பாருங்கள். இரண்டு ஒலிகளைச் சேர்த்து வாசிக்கும் டூயல், ஸ்பிளிட் வசதிகளில் ஒவ்வொன்றுக்கும் தனி பான் அமைப்பு உண்டு. கம்ப்யூட்டரிலிருந்து மிடி (ஒலி அல்ல, எந்தக் கட்டையை எப்படி வாசிப்பது என்ற தகவல்) அனுப்பி கீபோர்டின் ஒலியை வாசிக்க வைக்கிறீர்களென்றால் 10-ஆம் எண் கன்ட்ரோலரைத் தேடுங்கள். மிடியில் பானுக்கான எண் அது. மதிப்பு 0 என்றால் முழு இடது, 64 நடு, 127 முழு வலது. இறக்குமதி செய்த மிடிக் கோப்பின் தொடக்கத்தில் யாரோ வைத்த 0 ஒன்று அந்தச் சேனலை இடதிலேயே நிறுத்திவைத்திருக்கும். கீபோர்டை அணைத்துப் போட்டதும் சரியாகி, கோப்பை ஓட்டியதும் திரும்பி வந்தால் காரணம் இதுதான்.

யுஎஸ்பி கேபிளால் இணைத்தால் இந்தத் தொல்லையே இல்லையாமே?

கீபோர்டைப் பொறுத்தது. பல கீபோர்டுகளின் யுஎஸ்பி வழியே மிடி மட்டும்தான் போகும். எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்ற தகவல் போகுமே தவிர, ஒலி போகாது. அதைக் கம்ப்யூட்டரில் இருக்கும் மென்பொருள் வாத்தியத்துக்குக் கொடுத்தால் ஸ்டீரியோவில் கேட்கலாம், ஆனால் அது உங்கள் கீபோர்டின் குரல் அல்ல. சில கீபோர்டுகள் யுஎஸ்பியிலேயே ஆடியோவையும் அனுப்பும். உங்களுடையது அந்த வகை என்றால் கேபிள், அடாப்டர், கெயின் கவலை எதுவும் வேண்டாம், பதிவுச் சாதனமாக அதையே தேர்ந்து ஸ்டீரியோ டிராக்கில் பதிவு செய்யுங்கள். கையேட்டில் யுஎஸ்பி ஆடியோ என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். யுஎஸ்பி மிடி என்று மட்டும் இருந்தால் ஆடியோ இல்லை.

பின்னை ஆட்டினால் வலது பக்கம் வருகிறது, விட்டால் போகிறது.

இது உண்மையிலேயே பழுது. முதலில் பின் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். அப்புறம் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள், பின்னுக்குப் பக்கத்தில் கம்பி அறுவது சகஜம். புதுக் கேபிளிலும் அப்படியே என்றால் சாக்கெட்டில் அழுக்கு அல்லது அதன் கால் போர்டிலிருந்து விட்டுப்போயிருக்கிறது. காண்டாக்ட் கிளீனரைப் பின்னில் லேசாக அடித்து, கீபோர்டை அணைத்துவிட்டு, சில முறை செருகி எடுத்தால் அழுக்கு போகும். அதற்கும் மசியவில்லையென்றால் சாக்கெட்டின் கால்களை மறுபடி சால்டர் வைக்க வேண்டும். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் கீபோர்டைத் திறக்காமல் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. அதுவரை ஹெட்ஃபோன் சாக்கெட்டிலிருந்து ஒய் கேபிள் வழியாகப் பதிவைத் தொடரலாம்.